காடாத் துணியில் ஒற்றிய இதயம்

எட்டாம் வகுப்பு படித்த வருஷத்தில்தான் நான் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின வாரங்களில் நடந்ததையெல்லாம் அன்று ராத்திரியே நினைவிலிருந்து நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்தேன். இதை எழுதும்போது அந்த நோட்டு என் மடியில் இருக்கிறது. பேச்சுகளை அதில் இருந்தபடியே எடுத்திருக்கிறேன்.

பாலக்காட்டுப் பக்கம், எருத்தேன்பதிக்கும் மதராஸ் எல்லைக்கும் நடுவில் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். ஒரே கட்டிடம், இரண்டு பிரிவு. மேற்குப் பக்க அறைகளில் மலையாளம், கிழக்குப் பக்க அறைகளில் தமிழ். மலையாளப் பிரிவில் மனித உடம்பின் அச்சுப்படம் ஒன்று, மேலும் கீழும் மரக்கட்டை வைத்துச் சுருட்டக்கூடியது, ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் படம் இல்லை. சயின்ஸ் சொல்லிக்கொடுக்கத் தமிழில் ஒரே வாத்தியார். அவரே கணக்கும் எடுத்தார். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி இரண்டு பீரியடுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போய் உடம்பைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருந்தார். பையன்களுக்கு எலும்பும், செரிமானமும், மூச்சும். வகுப்பில் இருந்த பெண்கள் நாங்கள் இரண்டே பேர். எங்களுக்கு ரத்த ஓட்டம்.

மற்றவள் துணிக்கடைக்காரர் மகள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. காலையில் அவள் கடை வாசலில் நின்று நான் கூப்பிடுவேன், சாயங்காலம் எங்கள் கிணற்று மேட்டுவரை அவள் வந்துவிட்டுத் திரும்புவாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அவளுக்கும் கிடையாது. இதை நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம்.

அந்த வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விஷயம் வந்தது. எட்டு முடித்த பெண்களில் ஒருத்தியைப் பள்ளிக்கூடம் பரிந்துரை செய்தால், பாலக்காட்டில் ஆசிரியப் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்கள், தங்க இடமும் உண்டு என்று வாத்தியார் சொன்னார். ஒரு பள்ளிக்கு ஒரு பெண். நாங்கள் பாடம் நடத்துவதை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து முடிவு செய்வார். என் அப்பாவுக்குப் பெண்ணை வெளியூரில் விடுவதில் இஷ்டமில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னார்.

“அந்த இன்ஸ்பெட்டரு உன்னைய எடுத்துக்கறேன்னு எழுதிக் குடுக்கட்டும் அம்மிணி. நானே வண்டி கட்டிக் கொண்டுபோய் உடறேன். இல்லாட்டி ஊட்டோட இரு. அதுக்கப்புறம் அளுகக் கூடாது.”

நான் சரி என்றேன். அந்த இடம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அந்தப் பங்குனியோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

இருந்தும் நாங்கள் பாடத்தைச் சேர்ந்தே தயார் செய்தோம். படத்துக்கு ஒரு வழி அவள்தான் கண்டுபிடித்தாள். அவர்கள் கடைக்கு வரும் பட்டுச் சேலைகளின் மடிப்புக்குள் மெல்லிய தாள் வைத்திருப்பார்கள். அதை அச்சுப்படத்தின் மேல் வைத்தால் கீழே இருக்கும் கோடுகள் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலையாளப் பிரிவு டீச்சரிடம் கேட்டு, மூன்று நாள் உட்கார்ந்து நான் மைப்பென்சிலால் அந்தக் கோடுகளை எடுத்தேன். தாளைக் காடாத் துணியின் மேல் கவிழ்த்துப் போட்டு, துணியை லேசாக நனைத்து, சூடான செம்பால் அழுத்தித் தேய்த்தால் ஊதா நிறத்தில் கோடு துணியில் இறங்கிவிடும். தலையணை உறையில் பூப்போடுகிற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் ஒற்றுவார்கள். நாங்களும் அப்படிக் கிளிகளும் மல்லிகைக் கொடிகளும் எத்தனையோ ஒற்றியிருந்தோம். நான் வரைந்தேன், அவள் ஒற்றினாள். துணி காய்ந்த பிறகு உறுப்புகளின் பெயர்களை என் கையெழுத்தில் தமிழில் எழுதினேன். இதயத்துக்குச் சிவப்பு மை.

துணியைச் சுவரில் மாட்டவில்லை. நாலு மூலையிலும் நாடா தைத்து, நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கழுத்திலும் இடுப்பிலும் கட்டி, வகுப்பைப் பார்த்து நிற்க வைத்தோம். அச்சுப்படம் பெரிய ஆளுடையது. அதனால் இதயம் நெஞ்சில் வந்தாலும் வயிறு தொடைக்கு இறங்கிவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

“ஏனுங்கக்கா, இவனுக்கு வவுறு இத்தாச்சோடு பெருசா இருக்குது, அதான் பந்தியில எந்திரிக்கவே மாட்டீங்கறான்” என்றான் ஒருவன் முதல் வாரம்.

வாத்தியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பலே” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாவது வாரம் துணி கட்டிக்கொண்டவள் ஒரு சின்னப் பெண். ஆடு மேய்க்கிறவரின் மகள். முன்பல் விழுந்திருந்தது. துணியில் இருக்கும் இதயத்தின் மேல் கை வைத்து, துடிக்கிறதா என்று சொல்லச் சொன்னேன். வைத்தாள். பிறகு கையை அந்தப் பக்கம் நகர்த்தினாள். மறுபடியும் துணிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“அக்கா, படத்துல இருக்கற எடத்துல துடிக்கலீங்க. இந்தப் பக்கந்தானுங்க துடிக்குது.”

“படத்துல எங்கிருக்குதோ அங்கதான் துடிக்கும். நல்லாக் கைய வெச்சுப் பாரு.”

“பாத்தேனுங்க.”

“மறுபடியும் பாரு.”

அவள் மறுபடியும் கையை வைத்தாள். வகுப்பு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஆமாங்க, துடிக்குதுங்க” என்றாள். நான் அடுத்த விஷயத்துக்குப் போனேன்.

இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என் நெஞ்சில் நான் கை வைத்துப் பார்க்கவில்லை. வாத்தியார் எழுதிப்போட்ட குறிப்பில் ‘மார்புக் கூட்டுக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து’ என்றுதான் இருந்தது. எந்தப் பக்கம் என்று இல்லை. எங்கள் ஊரில் நெஞ்சென்றால் நடு நெஞ்சு. சத்தியம் பண்ணுகிறவர்களும் மாரடிக்கிறவர்களும் நடுவில்தான் கை வைப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கையால் எடுத்த கோடு. அது அச்சுப்படத்திலிருந்து மயிரிழை பிசகாமல் எடுத்தது. அதனால் அவளுடைய கைதான் தப்பு என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுநாள் வருகிறார் என்று சொல்லிப் பள்ளிக்கூடம் கூட்டித் தெளித்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னவள் மூன்று நாளாக வரவில்லை என்பதை நான் கவனித்திருக்கவில்லை. அவளுடைய அம்மா வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க அம்மிணி, எம்புள்ளைக்கு நெஞ்சு மாறி இருக்குதுங்களா?”

எனக்குப் புரியவில்லை.

“நீங்க படத்துல காட்டுன எடத்துல இல்லையாமுங்க. மத்த புள்ளைக மாறிப் பொறந்தவன்னு சொல்லிச் சிரிக்குதாமா. பள்ளிக்கோடம் போக மாட்டேங்குது. ராவெல்லாம் நெஞ்சுலயே கைய வெச்சுக்கிட்டுப் படுத்திருக்குது. அவுங்கப்பன் போய்க் கயிறு மந்திரிச்சுக் கட்டிக் கொண்டாந்தாரு. அதுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

அப்போதுதான் நான் முதல் தடவையாக என் நெஞ்சில் கை வைத்தேன். இடக்கைப் பக்கம் துடித்தது. அந்த அம்மாவிடம், ஒன்றும் ஆகாது, நாளைக்கு அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மலையாளப் பிரிவுக்கு ஓடினேன். அச்சுப்படத்துக்கு முதுகைக் காட்டி, படத்தில் இருக்கும் ஆள் நிற்கிறதுபோல வகுப்பைப் பார்த்து நின்று, தலையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஆளுக்கு இதயம் இடக்கைப் பக்கம். எங்கள் துணியைக் கட்டிய பிள்ளைக்கு வலக்கைப் பக்கம். தாளைக் கவிழ்த்து ஒற்றியபோது எல்லாமே பக்கம் மாறிவிட்டது. கிளி இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் கிளிதான். அதனால் எங்கள் ஊரில் யாருக்கும் இது ஒரு தப்பாகத் தெரிந்ததில்லை. எழுத்துகளை நான் பிறகு எழுதியதால் அவையும் காட்டிக்கொடுக்கவில்லை.

துணி எப்போதும் அவர்கள் கடையில்தான் இருக்கும். நேராக அங்கே போனேன். அவள் கடைக்குப் பின்னால் அளந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

“வாத்தியாருக்குத் தெரியுமா புள்ள?”

“இன்னும் சொல்லல. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.”

“அவருகிட்டச் சொல்லாத. அஞ்சு வாரமா பாத்தும் அவருக்கே தெரியல. சொன்னா அவரு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும்.”

நான் வழி சொன்னேன். அந்த மெல்லிய தாள் என் பாட நோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தெரியும் கோட்டின் மேலேயே மறுபடியும் மைப்பென்சிலால் இழுத்து, அப்புறம் கவிழ்த்து ஒற்றினால் சரியாக வந்துவிடும். நாளைக்குப் பாடத்தின் ஆரம்பத்திலேயே, நாங்கள் இத்தனை நாள் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்றேன். அந்தச் சின்னவளைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும் என்றேன்.

“சொல்லீரலாம்” என்றாள். “நீயும் நானும் சேந்தே சொல்லீரலாம். தாளக் குடு. நான் ஒத்திக் கொண்டாறேன்.”

“நானும் இருக்கறேன். கோடு நான் இழுத்தாத்தானே சரியா வரும்.”

“உங்கப்பாரு தேடுவாரு. பின்னாடி இருக்கற கோட்டு மேலயே இழுக்கறதுக்கு எனக்குத் தெரியாதா? நீ ஊட்டுக்குப் போ. போய் நல்லாத் தூங்கு. மூஞ்சியப் பாரு, செத்த எலியாட்ட இருக்குது.”

நான் சிரித்துவிட்டேன். தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நன்றாகத்தான் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் நாலாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் வந்தாள். கையில் சுருட்டின துணி, தோளில் கடைப் பை. அதைப் பற்றிக் கேட்க நேரம் இல்லை. நான் கரும்பலகையில் ‘ரத்த ஓட்டம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் அந்தச் சின்னவளையே கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, துணியைக் கட்டினாள். அம்மாவிடம் நான் சொன்னபடி வந்திருந்தாள் சின்னவள். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. சின்னவளை அவள் கூப்பிட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டபடிதான் நடக்கிறது என்று நினைத்தேன்.

நான் திரும்பி, சின்னவளுக்குப் பின்னால் நின்று, அவள் தோளில் கை வைத்துக்கொண்டேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது அவள் முதுகும் நாடா முடிச்சும்தான்.

“முதலில் ஒன்று சொல்ல வேண்டும்” என்று பிள்ளைகளைப் பார்த்து ஆரம்பித்தேன். “இதுவரை நாங்கள் கட்டின படத்தில் ஒரு தவறு இருந்தது. இதயம் நமக்கு இடக்கைப் பக்கம் இருக்கிறது. இந்தப் புதிய படத்தில் சரியாக இருப்பதைப் பாருங்கள்.”

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மலையாளக்காரர். தமிழும் பேசுவார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

“குட்டீ, நீ பறயுன்னது இடது. படத்தில் வலதாணல்லோ இருக்கு?”

நான் குனிந்து முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. என் சிவப்பு மை. அதே பழைய துணி.

“செரி, குட்டிகளோடு கேக்கட்டே” என்றார் அவர். “எல்லாரும் ஹ்ருதயத்தில் கை வெச்சுக் காட்டணும்.”

வகுப்பு மொத்தமும் வலப்பக்கம் கை வைத்தது. ஐந்து வாரமாக நாங்கள் பழக்கியிருந்தோம். நான் இப்போது சொன்ன ஒரு வாக்கியம் அதை மாற்றவில்லை. சின்னவள் மட்டும் தலையைத் திருப்பி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் வலது பக்கம் கை வைத்தாள். நான் சந்தோஷப்படுவேன் என்று வைத்தாள். அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

அப்போது துணிக்கடைக்காரர் மகள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“சார், படம் மாறி இருக்குதுங்க. நேத்துத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது. இது அவ வரைஞ்சதுங்க. நான் ராத்திரி உக்காந்து வேற ஒண்ணு பண்ணிக் கொண்டாந்திருக்கேனுங்க.”

கடைப் பையிலிருந்து இன்னொரு காடாத் துணியை எடுத்தாள். பழைய நாடாவை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டினாள். எல்லாம் சரியான பக்கத்தில் இருந்தன. கோடுகள் என்னுடையவை. எழுத்து அவளுடையது. பிள்ளைகளைப் பார்த்து, இனிமேல் இந்தப் பக்கம் என்று காட்டி, ரத்தம் போகிற வழியையும் வருகிற வழியையும் தடுமாறாமல் சொன்னாள். என் நோட்டில் இருந்த வாக்கியங்களைத்தான் சொன்னாள்.

“மிடுக்கி, கெட்டிக்காரி” என்றார் இன்ஸ்பெக்டர்.

வாத்தியார் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். கோடு எடுத்தது யார், ஒற்றியது யார் என்று அவருக்குத் தெரியும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த துணி என் காலடியில் கிடந்தது. எடுத்து மடித்தேன். நாலாக மடித்து, அப்புறம் எட்டாக மடித்தேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அவள் பெயர். அப்பா வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். “சரி, உடு அம்மிணி” என்றார். மறுபடி சக்கரத்துப் பக்கம் குனிந்தார். நான் அழவில்லை. அழக்கூடாது என்று முன்னமே பேசியிருந்தது.

கடிதம் வருவதற்கு முன்பே அடுத்த வெள்ளிக்கிழமை வந்திருந்தது. பாடம் இல்லை என்று வாத்தியார் சொன்ன பிறகும் நான் நாலாம் வகுப்புக்குப் போய், நடந்ததைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சின்னவளை முன்னால் அழைத்து, இவள் ஐந்தாவது வாரமே சரியாகச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றேன். மாறிப் பிறந்தவள் என்று சிரித்த பையன்கள் குனிந்துகொண்டார்கள். வெளியே வந்தபோது அவள் என் பின்னாலேயே வந்தாள்.

“அப்ப எனக்குச் சரியாத்தான் இருந்துச்சுங்களா?”

“சரியாத்தான் இருந்துச்சு.”

“உங்களுக்கும் அந்தப் பக்கந்தானுங்களா?”

“ஆமா.”

“அப்புறம் ஏனுங்கக்கா அன்னைக்கு மறுபடியும் பாரு, மறுபடியும் பாருன்னீங்க?”

கயிற்றை அவிழ்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். அது நன்றாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றாள்.

துணிக்கடைக்காரர் மகளோடு நான் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினேன். அவள் பாலக்காட்டுக்குப் புறப்படுகிறதற்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் கிணற்று மேட்டுக்கு அவளாகவே வந்தாள்.

“பேச மாட்டியா?”

“ரெண்டு துணியையும் கொண்டாந்தே. பழசக் கட்டுனே.”

“ஒரு எடந்தானே புள்ள இருந்துச்சு.”

“கேட்டிருந்தா உட்டுக் குடுத்திருப்பேன்.”

“மாட்டே” என்றாள். “நீ எல்லாத்தையும் சரியாப் பண்ணுவே, சரியாச் சொல்லுவே, வாத்தியாரு உன்னையத்தான் சொல்லுவாரு. எனக்கு வேற வழி இல்ல. எங்கூட்ல மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாங்க. உனக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். ஆனால் அவள் சொன்னது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். நான் விட்டுக்கொடுத்திருப்பேனா என்பது எனக்கே தெரியவில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது இடம் போனது இல்லை. ‘போய் நல்லாத் தூங்கு’ என்று அவள் சொன்னது. அதைச் சொல்லும்போதே பழைய துணியையும் கொண்டுவருவதென்று முடிவு செய்திருந்தாளா, அல்லது ராத்திரி ஒற்றிக்கொண்டிருக்கும்போது தோன்றியதா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஐப்பசியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பயிற்சிப் பள்ளியில் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், உடம்பின் எல்லா மண்டலங்களும் வேண்டும், தன் கைக்குப் படம் வராது, என்னுடைய நோட்டைப் பார்த்து எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். ‘நீ எடுத்தால்தான் கோடு சரியாக வரும்’ என்று எழுதியிருந்தாள். மன்னிப்பு என்று எதுவும் இல்லை.

புது நோட்டு ஒன்றில் வரைந்து எழுதப் பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன். எலும்பு, செரிமானம், மூச்சு, ரத்தம், கழிவு. கல்லீரலுக்கு வந்தபோது இரண்டு நாள் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தாளைக் கவிழ்த்து ஒற்றினால் போதும், பக்கம் மாறிவிடும். அவளுக்குத் தெரியாது. கல்லீரல் துடிப்பதில்லை, கை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து யாராவது இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்.

சரியான பக்கத்திலேயே வரைந்தேன். அது என் நல்ல குணத்தால் இல்லை. அந்தப் படம் அவளோடு நிற்காது. அவளிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகும். அவர்களில் ஒருத்தி ராத்திரியில் கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

இதயப் படத்தில் மட்டும் ஒரு பக்கம் ‘இடது’ என்றும் மறுபக்கம் ‘வலது’ என்றும் சிவப்பு மையில் எழுதினேன். மற்ற எந்தப் படத்திலும் அப்படி எழுதவில்லை. அந்தப் புது நோட்டைப் பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி, தபாலில் போட்டேன்.

கல்யாணமாகி ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வந்தபோது நாட்குறிப்பின் முதல் நோட்டை உடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன். அதில், அவளுக்குத் தபால் போட்ட நாளிலிருந்து அந்த மார்கழிவரை, தபால்காரர் எங்கள் வீதிக்கு வந்த நாள்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது.